குல்பாராவின் கட்டியும் எசன்பெக்கின் ஏழு தலைமுறையும்

கிர்கிஸ் நாட்டுக் கரக்கோல் ஊரில் அந்த இலையுதிர் காலத்தில் முதுகு வலிக்காதவன் மனிதனே இல்லை என்று ஆகிவிட்டது.

வலி என்றால் சாதாரண வலி இல்லை. நிலக்கரி மூட்டை தூக்கினவனுக்கு முதுகு வலிப்பது பழைய கதை. அந்த வலிக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது. கொள்ளுத்தாத்தா தூக்கிய மூட்டைக்குக் கொள்ளுப்பேரனுடைய முதுகு வலிக்க வேண்டும். அதுதான் மேல்தரமான வலி. அந்த வலி இருக்கிறவன் பண்பாட்டு மாளிகையின் முன்வரிசையில் உட்காரலாம். நாலு பேர் பார்க்க அழலாம்.

மாளிகை வாசலில் ஆளுயரப் படம் ஒன்று நின்றது. வெள்ளைக் கம்பளித் தொப்பி, தங்கக் கரை போட்ட கறுப்பு அங்கி, பாதி மூடிய கண்கள். எல்லாம் தெரிந்தவனுக்கும் கண் பாதி மூடியிருக்கும். தூக்கம் வருகிறவனுக்கும் மூடியிருக்கும். ஊர் முதலாவதை நம்பிற்று. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்து: "ஏழு தலைமுறை உன் தோளில்! இறக்கி வைக்க வா! உளவியலாளர் எசன்பெக். உடலுணர்வு, ஆன்மிகம், குணமளித்தல்."

வந்தார்கள். ஏரிக்கரைக் கிராமங்களிலிருந்து மினிபஸ்களில் மடிமேல் மடியாக உட்கார்ந்து வந்தார்கள். ஆப்பிள் பறிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். ஆப்பிள் அழுகினால் அழுகட்டும், தாத்தா அழுகிறாரே! பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்தார்கள். ஒரு பல் மருத்துவரே வந்தார். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பாட்டனார் கடித்த எலும்பாம்.

எசன்பெக் படித்தது உளவியல். அதில் பொய் இல்லை. சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். முதலில் ஒரு செங்கல் தொழிற்சாலையில் தொழிலாளர் மனநலம் பார்த்தார். "களைப்பா இருக்கு சார்" என்று வந்தவனிடம், "களைப்பு உன் எண்ணத்தில் இருக்கிறது" என்றார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். களைப்பை யாரும் மூடவில்லை. மனம் விலைபோகாது என்று தெரிந்ததும் உடம்புக்கு வந்தார். தலைநகரில் வாடகை அறை எடுத்து, அலுவலகக்காரர்களைத் தரையில் படுக்கவைத்து, "உங்கள் இடது கால் கட்டைவிரலைக் கவனியுங்கள்" என்றார். கவனித்தார்கள். பாதிப் பேர் தூங்கிப்போனார்கள். அவர் வாழ்நாளில் உண்மையாகக் கொடுத்த மருந்து அந்தத் தூக்கம் ஒன்றுதான். அதிலும் கூட்டம் குறைந்தது. இந்தியாவுக்குப் போய், ஒரு மலையடிவார மடத்தில் சில வாரம் பருப்புச் சோறு தின்று, கண்ணைப் பாதி மூடக் கற்றுக்கொண்டு திரும்பினார். ஆன்மிகம் சேர்ந்துவிட்டது. அப்புறம்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. நம் ஜனங்களுக்குக் கட்டைவிரல் மேல் அக்கறை இல்லை, தாத்தா மேல் இருக்கிறது! எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறினார். புலாவ் பதமாக வந்தது.

அவர் செய்த அற்புதம் இதுதான். மேடைக்கு ஒருவரை அழைப்பார். வலிக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில் உள்ளங்கையை வைப்பார். தொடமாட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவார். பிறகு வந்தவருடைய நாலாவது தலைமுறைத் தகப்பன் பெயரையோ ஐந்தாவது தலைமுறைத் தகப்பன் பெயரையோ சொல்லிவிடுவார். அவர் எப்படிச் செத்தார் என்பதையும் சொல்வார். கூட்டம் "ஆ" என்று வாயைப் பிளக்கும்.

மேடைக்குப் போவதற்கு முன்னால் டீ உண்டு. அதை ஊற்றுவது ரோசா அம்மா. பூப்போட்ட முக்காடு, வாய் நிறையத் தங்கப்பல், பார்த்தாலே நம் சித்தி மாதிரி இருப்பாள். கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவாள், விருந்தாளியை மதிக்கிறவர்கள் ஊற்றுகிற மாதிரி. ஊற்றிக்கொண்டே, "நீங்க யாரு வீட்டுப் புள்ளை?" என்பாள். கிர்கிஸ் பூமியில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவனும் அதைத்தான் கேட்பான். அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஏழு தகப்பன் பெயரை மூச்சு விடாமல் சொல்லத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். ஆகவே கேட்டதும் எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். பிறகு ரோசா அம்மா கெட்டிலில் வெந்நீர் பிடிக்க மேடைக்குப் பின்னால் போவாள். அந்தக் கெட்டில் எப்போதும் காலியாகத்தான் இருக்கும், பாவம்.

இந்தக் கூட்டத்தில்தான் குல்பாராவும் இருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிறவள். புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலை. அவளுக்கு மார்பில் ஒரு கட்டி.

மாவட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார்: "எடுத்துப் பாத்தாத்தான் என்னன்னு தெரியும். தள்ளிப் போடாதே." அதாவது கத்தி. குல்பாரா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பயந்தவளுக்கு இரண்டு கதவைக் காட்டினால் கத்தி இல்லாத கதவுக்குள்தான் நுழைவாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்தக் கதவில் நின்று வசூல் பண்ணுகிறானே, அவனைப் பார்த்துச் சிரிக்கலாம்.

எசன்பெக் அவளுடைய நெஞ்சுக்கு நேராகக் காற்றில் கையை வைத்தார். மூச்சு வாங்கினார். "மாம்பெத்..." என்றார். மாம்பெத் அவளுடைய நாலாவது தகப்பன். ஜனங்கள் ஜார் படையின் துப்பாக்கிக்குப் பயந்து மலைக் கணவாய் வழியாக ஓடிய வருஷத்தில், கையிலிருந்த ரொட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பனியில் பசியோடு செத்தவர்.

"அது கட்டி இல்லை மகளே" என்றார் எசன்பெக். "அவர் விழுங்காத ரொட்டி. கத்தி பட்டால் அவர் இரண்டாவது முறை சாவார். நான் கரைக்கிறேன். வாராவாரம் வா."

கூட்டம் விம்மியது. குல்பாராவும் அழுதாள். பாட்டனை இரண்டாவது முறை கொல்ல யாருக்கு மனசு வரும்?

அவளுடைய ஓரகத்தி ஜூராகானுக்கு இந்தச் சங்கதி தாமதமாகத்தான் தெரிந்தது. ஜூராகான் சந்தையில் அஷ்லான்பூ விற்கிறவள்; புளித்த காரக் குழம்பு ஊற்றிய குளிர்ந்த நூடுல்ஸ். குழம்பைவிட அவள் வாய் காரம் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் வாங்குவார்கள்.

"எத்தனை வாரமாடி கரைக்கிறான்?" என்று கரண்டியை நீட்டிக் கேட்டாள்.

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் கரையும்னாரு அக்கா."

"கரைஞ்சுதா?"

குல்பாரா முக்காட்டு நுனியை முறுக்கினாள்.

"தொட்டுப் பாத்தியா?"

"தொடக் கூடாதாம். சந்தேகப்படுற கை பட்டா அவரு பயந்துக்குவாராம்."

"யாரு, மாம்பெத்தா? பனிக்கும் சாவுக்கும் பயப்படாத மனுஷன், நீ பித்தான் தைக்கிற கையைப் பாத்துப் பயந்துக்குவாரா?"

"சிரிக்காதீங்க அக்கா. அவருக்கு எப்படிப் பேரு தெரிஞ்சுது? சொல்லுங்க பாக்கலாம்! நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. சத்தியமா."

அவள் பொய் சொல்லவில்லை. டீ குடிக்கும்போது பரம்பரை சொல்வதை இந்த ஊரில் யாரும் 'சொன்னது' என்று கணக்கில் வைப்பதில்லை. மூச்சு விட்டதை எவன் ஞாபகம் வைத்துக்கொள்வான்?

ஜூராகான் கையைத் துடைத்துக்கொண்டாள். "சரி, ஒரு ஒப்பந்தம். இந்த வாரம் நானும் வரேன். எனக்கும் இடுப்பு வலி."

"நெசமாவா?"

"காலையிலேர்ந்து நின்னு நூடுல்ஸ் விக்கிறவளுக்கு வலிக்காம, உக்காந்து திங்கிறவனுக்கா வலிக்கும்? அவரு என் பரம்பரையைச் சரியா சொல்லிட்டா நான் வாயை மூடிக்கிறேன். ஒன் மாம்பெத்துக்கு நானே ஆடு வெட்டிப் படையல் வைக்கிறேன். தப்பா சொன்னா மறுநாள் காலையில நீ என்னோட ஆஸ்பத்திரிக்கு வரணும். வருவியா?"

"வரேன்" என்றாள் குல்பாரா. அக்கா தோற்பாள் என்ற நம்பிக்கையில்தான் சொன்னாள்.

மாளிகை நடைக்கூடத்தில் ரோசா அம்மா பாதிக் கிண்ணம் டீயோடு வந்தாள். "வாம்மா. புதுசா இருக்கே. யாரு வீட்டுப் பொண்ணு?"

ஜூராகான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இல்லாத நாணத்தை வரவழைத்துக்கொண்டாள். "மலைப்பக்கம் அக்கா. மேய்ச்சல் நிலத்துக் குடும்பம்."

"அப்பா பேரு?"

"அல்மாஸ். அவருக்கு அப்பா ஷும்கார். அவருக்கு ஜோல்போர்ஸ். அவருக்குப் போரோன்..."

குல்பாராவுக்கு டீ புரையேறியது.

அல்மாஸ் என்பது ஜூராகானின் அப்பா இல்லை. ஜூராகானின் புருஷன் ஓமுருடைய லாயத்தில் ஒரு கறுப்புப் பொலிகுதிரை நிற்கிறது, அதனுடைய அப்பா. ஓமுர் ஒரு குதிரைப் பைத்தியம். சொந்தப் பரம்பரையில் மூன்றாவது தகப்பனிடம் தடுக்கி விழுவான். குதிரையின் பரம்பரையை மட்டும் சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஏழு தலைமுறை ஒப்பிப்பான். அந்த வீட்டுப் பெண்கள் அதைக் கேட்டுக் கேட்டே வயசானவர்கள். பழைய மனிதர்களுக்கும் ஜோல்போர்ஸ், ஷும்கார், போரோன், அதாவது புலி, ராஜாளி, புயல் என்றுதான் பெயர் இருந்தது. ரோசா அம்மா எங்கே சந்தேகப்படுவாள்? அவள் தலைநகரத்துக்காரி. குதிரையைத் தொத்திறைச்சியாக மட்டுமே பார்த்தவள்.

"ஐயோ பாவம், எல்லாரும் நல்ல சாவா?" என்று கேட்டாள்.

"எங்கே அக்கா! ஜோல்போர்ஸுக்கு ஓடும்போது கால் முறிஞ்சுது. அப்புறம் எழுந்திருக்கலை. போரோன்தான் பெரிய ஆளு. கணவாய் தாண்டிப் போயி வந்தவரு. வாழ்நாள் பூரா அடுத்தவன் பாரத்தைத்தான் சுமந்தாரு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. பொண்டாட்டிங்க மட்டும் நிறைய."

"அந்தக் காலத்து ஆம்பளைங்களே அப்படித்தான்" என்று ரோசா அம்மா தங்கப்பல் தெரியச் சலித்துக்கொண்டு, வெந்நீர் பிடிக்கப் போனாள்.

குல்பாராவுக்குச் சுருக்கென்றது. இதே பெஞ்சில், இதே பூப்போட்ட கிண்ணத்தோடு, தான் மாம்பெத்தைப் பற்றிப் பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உடனே அந்த நினைவை மூட்டை கட்டித் தூக்கிப் போட்டாள். எழுந்து போய், "அது குதிரை, ஏமாந்துடாதீங்க" என்று எசன்பெக்கின் காதில் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டாள்: 'அவர் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடிக்க வேண்டும். ஆண்டவனே, அவருக்குத் தெரிய வேண்டும்.' ஏமாற்றுக்காரன் ஜெயிக்க வேண்டும் என்று ஏமாந்தவளே வேண்டிக்கொள்வது உலகத்தில் எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அரங்கு நிறைந்திருந்தது. எசன்பெக் வந்தார். விளக்கைக் குறைத்தார்கள். ஜூராகான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

"கண்ணை மூடு மகளே. இடுப்பால் கேள். உன் உடல் பேசுகிறது." உள்ளங்கை காற்றில் நின்றது. எசன்பெக்கின் மூச்சு கனத்தது. "பாரம்... பெரிய பாரம். ஒருவர் மலை ஏறுகிறார். கணவாய். பேர்... பேர்... போரோன்!"

கூட்டம் "ஆ" என்றது. மூன்றாவது வரிசையில் கெரிம் என்ற கிழவர் மட்டும் தலையைத் தூக்கினார். அவர் பந்தய மைதானமே வீடு என்று இருந்தவர். "போரோனா?" என்றார். பக்கத்திலிருந்த அம்மாள், "உஷ்! ஆவி வர்ற நேரம்" என்று அவர் தொடையில் கிள்ளினாள்.

எசன்பெக்கின் கன்னத்தில் நீர் வழிந்தது. அந்த அழுகையில் அவருக்கு நல்ல பயிற்சி. "வாழ்நாளெல்லாம் பிறருக்காகச் சுமந்தவர். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாதவர். சொல்லாத அந்த வார்த்தைதான் உன் இடுப்பில் கல்லாகக் கிடக்கிறது."

"ஐயா, இப்ப ஏதாச்சும் சொல்றாரா?" என்று ஜூராகான் பயபக்தியாகக் கேட்டாள்.

"சொல்கிறார். 'மகளே, என் பாரத்தை இறக்கிவிட்டேன், இனி நீ நிமிர்ந்து நில்' என்கிறார். இதோ, இரண்டு கைகளையும் தூக்கி உன்னை ஆசீர்வதிக்கிறார்!"

ஜூராகான் கண்ணைத் திறந்தாள். "கையா? அவருக்கு நாலும் காலாச்சே ஐயா."

அரங்கம் புரியாமல் விழித்தது.

"போரோன் எங்க வீட்டுக் குதிரையோட எள்ளுத்தாத்தா. நான் கல்யாணமாகி வந்த வருஷம், மாமனார் சாவுக்கு அவரைத்தான் வெட்டிச் சமைச்சோம். நானும் ரெண்டு துண்டு தின்னேன். கொஞ்சம் நார், ஆனா நல்ல ருசி."

"அதான் சொல்றேன்!" என்று கெரிம் கிழவர் துள்ளி எழுந்தார். "அந்தப் போரோன் மேல பந்தயம் கட்டித்தான் என் ரெண்டு செம்மறிக் கிடா போச்சு! வார்த்தை பேசலையாமே! அந்தச் சனியன் ராத்திரி பூரா கனைக்கும்!"

சிரிப்பு பின்வரிசையில் கிளம்பி முன்வரிசைக்கு வந்தது. ஆனால் எசன்பெக் லேசுப்பட்டவரா? இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"சிரியுங்கள். ஆன்மாவுக்குக் காலும் கையும் உண்டா? குதிரையும் நம் மூதாதைதான். இந்தப் பெண் சோதிக்க வந்தாள்; ஆன்மா அவளையே சோதித்துவிட்டது!"

கேட்டீர்களா? இதைக் கேட்டும் சில தலைகள் ஆமாம் என்று ஆடின. பல் மருத்துவரின் தலைகூட ஆடியது. பணம் கொடுத்து உட்கார்ந்த தலை அவ்வளவு சுலபத்தில் ஆடாமல் நிற்குமா?

குல்பாராவின் தலையும் ஆடப் பார்த்தது. ஆனால் இடையில் ஒரு விஷயம் முள்ளாகக் குத்தியது. வாராவாரம் அவர் நெஞ்சுக்கு நேராகத்தான் கையை வைத்தார். நடுவில். தான் டீ குடிக்கும்போதும் ரோசா அம்மாவிடம் மார்பில் கட்டி என்று மட்டும்தான் சொன்னாள். எழுந்தாள். கால் தானாக மேடைக்குப் போயிற்று.

"ஐயா, நான் குல்பாரா. என் கட்டியை நீங்க கரைக்கிறீங்க."

"வா மகளே. இவர்களுக்கு நீயே சாட்சி சொல்."

"எந்தப் பக்கம் ஐயா?"

"என்ன?"

"இவ்வளவு நாளா கரைக்கிறீங்களே. கட்டி எந்தப் பக்கம்?"

அந்த ஊரில் ஒரு பெண் நூறு பேர் முன்னால் கேட்கிற கேள்வியா அது? பெண்கள் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். எசன்பெக் திரைச்சீலைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கெட்டில் வரவில்லை. ரோசா அம்மாவுக்கும் அது தெரியாது. அவள் பரம்பரை கேட்பாளே தவிர நோய் கேட்கமாட்டாள். தாத்தா எதற்கு இருக்கிறார்?

எசன்பெக் காற்றில் கையை வைத்தார். மூச்சு வாங்கினார். "துயரம் இதயத்தின் பக்கம்தான் தங்கும் மகளே" என்றார். "இடது."

குல்பாரா இன்னும் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வலது" என்றாள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கெரிம் கிழவர்கூட உட்கார்ந்துவிட்டார். ஜூராகான் வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"மாம்பெத் பனியில செத்ததை நான்தான் அந்த அம்மாகிட்டச் சொன்னேன்" என்று குல்பாரா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "டீ குடிச்சுக்கிட்டே சொன்னேன். நீங்களும் சொல்லியிருப்பீங்க. யோசிச்சுப் பாருங்க. பிள்ளைங்களுக்கு ரொட்டி குடுத்துட்டுச் செத்த மனுஷனை வச்சு இவரு ரொட்டி தின்னுருக்காரு."

அரங்கில் ஒவ்வொரு முகமாக மாறியது. டீ, பாதிக் கிண்ணம், தங்கப்பல், 'யாரு வீட்டுப் புள்ளை'. ஒருத்தி, "நான் எங்க தாத்தா கிணத்துல விழுந்ததைச் சொன்னேனே!" என்று கத்தினாள். "நானும்!" "நானும்டி!" எல்லோரும் எழுந்து திரைச்சீலையை இழுத்தபோது அங்கே ஒரு ஸ்டூலும் காய்ந்த கெட்டிலும்தான் இருந்தன. ரோசா அம்மா முந்திக்கொண்டாள். எசன்பெக் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். உடலுணர்வு அவருக்கு வாய்த்தது அன்றைக்குத்தான். கட்டைவிரல் முதல் உச்சி வரை எல்லாம் ஒன்றாக வேலை செய்தது.

ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தால் நீங்கள் ஊரைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். அந்த வாரமே ஓமுரின் லாயத்துக்கு நாலைந்து பேர் வந்து, ஆன்மா உள்ள குதிரை என்று வாலில் வேண்டுதல் துணி முடிந்துவிட்டுப் போனார்கள். ஓமுருக்கு ஒரே பெருமை. ஜூராகான் கரண்டியோடு வந்துதான் விரட்டினாள்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே குல்பாரா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் எங்கே போயிருந்தே?" என்றார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அந்தப் பருவத்தில் அவர் அதே கேள்வியைப் பலரிடம் கேட்டுக் களைத்திருந்தார். "பெரிசாயிருக்கு. ஆனா இன்னும் கையை மீறலை. எடுத்துடலாம்" என்றார்.

ஆபரேஷனுக்காகச் சேர்ந்த வார்டில், பக்கத்துக் கட்டிலில் ஏரிக்கரை கிராமத்துப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். முகம் மெழுகு மாதிரி. குல்பாராவை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீதானே மேடையில கேட்டவ? நானும் அவருகிட்டதான் போயிட்டிருந்தேன். கோடையிலேர்ந்து. எனக்கும் இதேதான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். அது நடிப்பு மூச்சு இல்லை. "இப்ப லேட்டுங்கிறாங்க."

குல்பாரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேட்டது நல்ல கேள்விதான் கண்ணு" என்றாள் அந்தப் பெண். "ஆனா ஒண்ணு தெரியுமா? எனக்குக் கட்டி இடது பக்கம். நான் கேட்டிருந்தா அவரு சரியாத்தான் சொல்லியிருப்பாரு. நானும் கால்ல விழுந்திருப்பேன்."

குல்பாரா அவளுக்குப் போர்வையை இழுத்து மூடினாள்.

"அப்ப நீங்க இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும் அக்கா" என்றாள்.

கேள்விக்கு அனுமதிச் சீட்டு கிடையாது, கட்டணம் கிடையாது, முன்வரிசையும் கிடையாது. ஓசியில் கிடைப்பதால்தானோ என்னவோ நம் ஜனங்களுக்கு அதன்மேல் மதிப்பே இல்லை. வரிசையில் நிற்கிற நேரத்தில் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள், ஐயா. பதில் தப்பாக வந்தால் வீட்டுக்குப் போங்கள். சரியாக வந்துவிட்டால் உடனே கும்பிடாதீர்கள், இன்னொன்று கேளுங்கள்.